சுங்க வரியின் சராசரியும் சாமானியரின் செலவும்
அமெரிக்காவின் இருநூற்றாண்டுக் கணக்கு சொல்லும் பாடம்

2025 ஆம் ஆண்டு முழுவதும் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் ஓயாது ஒலித்த சொல் ‘இறக்குமதி வரி’ என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் சராசரி இறக்குமதி வரி இத்தனை வீதமாக உயர்ந்தது என்றும், சுங்கத்தின் மூலம் அரசுக்கு இத்தனை கோடி டொலர் சேர்ந்தது என்றும் நாளொரு செய்தி வெளிவந்தது. கேட்பவருக்கு இவை எங்கோ நடக்கும் பெரிய இடத்து விவகாரங்களாகவே தோன்றக்கூடும். ஆயினும், புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் வாங்கும் சட்டையின் விலையும், தாயகத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் சகோதரிகளின் ஊதியமும் இந்த எண்களோடு பிணைந்திருக்கின்றன. ஆகவே, இந்த எண்கள் எவ்வாறு கணிக்கப்படுகின்றன, எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று.

சராசரி எவ்வாறு பிறக்கிறது?

ஓர் ஆண்டில் வசூலான சுங்க வரித் தொகையை, அவ்வாண்டில் இறக்குமதியான பொருட்களின் மொத்தப் பெறுமதியால் வகுத்தால் கிடைப்பதே சராசரி வரி வீதம். 100 டொலர் பெறுமதியான பொருளுக்கு 5 டொலர் வசூலானால் சராசரி 5 வீதம். இது முதலாவது கணக்கு. வரியின்றி உள்ளே வரும் பொருட்களை ஒதுக்கிவிட்டு, வரிக்கு உட்பட்ட பொருட்களின் பெறுமதியால் மட்டும் வகுப்பது இரண்டாவது கணக்கு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். எந்தக் கணக்கைச் சொல்கிறோம் என்று கூறாமல் ஒருவர் வீதம் பேசினால் அவர் பாதி உண்மையையே பேசுகிறார்.

இதைவிட நுட்பமான ஒரு பொறியும் இங்கே உண்டு. ஒரு நாடு துணிக்கு 10 வீத வரி விதித்து, 100 டொலர் துணியை இறக்குமதி செய்கிறது என்று கொள்வோம். வருமானம் 10 டொலர். அந்த வரியை 200 வீதமாக உயர்த்தியதும் துணி வருவதே நின்றுவிடுகிறது. இப்போது வருமானம் பூச்சியம். துணி வராததால் சராசரிக் கணக்கிலும் அது இடம்பெறாது. வேறு பொருட்கள் வரியின்றி வருமாயின் அந்நாட்டின் சராசரி வரி பூச்சியம் என்றே ஏட்டில் பதிவாகும். மதில் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு அது கணக்கில் தெரியாமற் போகிறது. சுங்க வரியின் வரலாற்றைப் படிப்போர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே.

சுங்கச்சாவடியில் வாழ்ந்த அரசு

இந்தக் கணக்கை நீண்ட காலத்துக்குத் தொடர்ச்சியாகப் பார்க்கக்கூடிய நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா முதன்மையானது. அங்கு 1789 யூலை 4 ஆம் நாள் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்ட சட்டங்களுள் ஒன்று இறக்குமதி வரிச் சட்டம். புதிதாய்ப் பிறந்த அரசுக்குக் கடனும் செலவும் இருந்தன, வருமானம் இருக்கவில்லை. துறைமுகத்தில் கப்பலை மறித்து வரி வாங்குவதே எளிதான வழியாக இருந்தது. அதன் பின்னர் 1860 வரை பெரும்பாலான ஆண்டுகளில் மத்திய அரசின் வருமானத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சுங்கத்திலிருந்தே வந்தது. மத்திய அரசு அக்காலத்தில் வருமான வரி விதிக்கவில்லை.

வருமானத்துக்காகத் தொடங்கிய வரி, வடபுலத்துத் தொழிற்சாலைகள் வளர்ந்தபோது அவற்றைக் காக்கும் வேலியாகவும் மாறியது. 1828 இல் நிறைவேறிய சட்டத்தை எதிர்ப்பாளர்கள் ‘அருவருப்புகளின் வரிச் சட்டம்’ என்றே அழைத்தனர். 1830 அளவில் வரிக்கு உட்பட்ட பொருட்கள் மீதான சராசரி 60 வீதத்தைத் தாண்டியிருந்தது. தென் மாநிலத்துப் பண்ணையார்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியைப் பிரித்தானியாவுக்கு விற்று, அங்கிருந்து ஆலைப் பொருட்களை வாங்கினர். வரியினால் இலாபம் வடக்குக்கும் விலையேற்றம் தமக்கும் என்று கண்ட தென் கரோலைனா மாநிலம், இவ்வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று 1832 நவம்பரில் பிரகடனம் செய்தது. ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் படைபலத்தைப் பயன்படுத்தவும் ஆயத்தமானார். 1833 இல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசச் சட்டம் ஒன்றினால் அந்த நெருக்கடி தணிந்தது. ஒரு வரி வீதம் ஒரு நாட்டைப் பிளவின் விளிம்புவரை கொண்டு சென்றதை இங்கே காண்கிறோம்.

1860 இல் வரிக்குட்பட்ட பொருட்களின் சராசரி 20 வீதத்தை அண்மித்ததாகக் குறைந்திருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் போர்ச் செலவுக்காக அது மீண்டும் ஏற்றப்பட்டு, 1860களின் பிற்பகுதியில் 45 வீதத்துக்கும் மேலாயிற்று. போர் முடிந்தது, வரி இறங்கவில்லை. போர்க்காலத்தில் ஏற்றிய வரியின் நிழலில் வளர்ந்த ஆலை முதலாளிகள் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

இரு சராசரிகள் இரு திசைகளில்

1880களில் அமெரிக்க அரசுக்கு விசித்திரமானதொரு துன்பம் நேர்ந்தது. பணம் மிதமிஞ்சிச் சேர்ந்துவிட்டது. செலவுக்கு மேற்பட்ட வரியை மக்களிடமிருந்து பறிப்பது நியாயமன்று என்று ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் 1887 டிசம்பரில் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கினார்.

1890 இல் வில்லியம் மக்கின்லியின் பெயரால் நிறைவேறிய சட்டம் இதற்குக் கண்ட வழி புதுமையானது. அக்காலத்தில் சுங்க வருமானத்தை அதிகம் ஈட்டித் தந்த தனிப்பொருள் சீனி. அச்சட்டம் சுத்திகரிக்காத சீனியின் வரியை நீக்கியது. பல ஆலைப் பொருட்களின் வரியையோ உயர்த்தியது. விளைவைப் பாருங்கள். 1890 க்கும் 1892 க்கும் இடையில் வரிக்குட்பட்ட பொருட்களின் சராசரி 44 வீதத்தை ஒட்டியிருந்து 48 வீதத்துக்கு மேல் ஏறியது. அதே ஈராண்டில் அனைத்து இறக்குமதிகளின் சராசரி 29 வீதத்தை ஒட்டியிருந்து 22 வீதத்தளவுக்கு இறங்கியது. சுங்க வருமானமும் சுமார் 23 கோடி டொலரிலிருந்து 18 கோடி டொலரளவுக்கு வீழ்ந்தது.

ஒரே சட்டத்தைப் பற்றி ‘வரி ஏறியது’ என்பவரும் ‘வரி இறங்கியது’ என்பவரும் தத்தம் எண்ணைக் காட்டி வாதிட முடிந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. சீனி வாங்கியவருக்கு வரி இறங்கியது. துணியும் தகரமும் வாங்கியவருக்கு ஏறியது. சட்டம் நிறைவேறிச் சில கிழமைகளில் நடந்த தேர்தலில் மக்கின்லி தமது காங்கிரஸ் ஆசனத்தையே இழந்தார். பின்னாளில் அவர் ஜனாதிபதியானார் என்பது வேறு கதை.

1913 இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்தது. அதே ஆண்டு இறக்குமதி வரிகளும் குறைக்கப்பட்டன. அதற்கு முன் மத்திய அரசின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்த சுங்கத்தின் பங்கு, முதலாம் உலகப் போரின் பின், 1920 அளவில் நூற்றுக்கு ஐந்தளவுக்குச் சுருங்கியது. அன்றிலிருந்து இறக்குமதி வரி என்பது அரசின் உண்டியல் அன்று. ஒரு தொழிலுக்குச் சலுகை காட்டவோ ஒரு நாட்டைத் தண்டிக்கவோ ஏந்தும் ஆயுதம் என்றாயிற்று.

1930: வீதம் ஏறியது, வருமானம் வீழ்ந்தது

1930 யூன் 17 ஆம் நாள் ஜனாதிபதி ஹேர்பேட் ஹூவர் கையொப்பமிட்ட ஸ்மூட்–ஹோலி சட்டம் இவ்வரலாற்றில் மிகவும் பேசப்படுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையொப்பமிட்டு விடுத்த வேண்டுகோளும் அதைத் தடுக்கவில்லை.

வரிக்குட்பட்ட பொருட்களின் சராசரி 1929 இல் 40 வீதமாக இருந்தது. 1932 இல் அது 59 வீதமாயிற்று. இந்த ஏற்றம் முழுவதையும் சட்டத்தின் தலையில் சுமத்துதல் தவறு. அக்காலத்து வரிகளில் பல, பொருளின் விலையில் இத்தனை வீதம் என்றில்லாமல், றாத்தலுக்கு இத்தனை சதம் என்றே விதிக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தத்தில் விலைகள் சரிந்தபோதும் அந்தச் சதங்கள் அசையவில்லை. கியூபாச் சீனியை எடுத்துக்கொள்வோம். 1930 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் வரி றாத்தலுக்கு 2 சதம். 1929 இல் வரி நீங்கலாகச் சுமார் 2 சதமாக இருந்த அதன் விலை, 1932 இல் ஒரு சதத்தளவுக்கு விழுந்தது. வரியை ஒருவரும் தொடாமலே அது விலையின் இரு மடங்கை எட்டியது.

வீதம் உயர்ந்ததால் கஜானா நிறைந்ததா? இல்லை. அமெரிக்காவின் இறக்குமதி 1929 இல் சுமார் 440 கோடி டொலராக இருந்து 1932 இல் சுமார் 130 கோடியாயிற்று. சுங்க வருமானம் 1929 இல் சுமார் 60 கோடி டொலர். 1933 இல் சுமார் 25 கோடி. உலகெங்கும் பரவிய மந்தமே இதற்குப் பெருங்காரணம். ஆனால் மந்தத்தினால் தள்ளாடிய வணிகத்தின் காலில் வரியும் கட்டையாய்க் கிடந்தது.

கனடா இதற்குப் பதிலடி கொடுத்தது. முட்டை வரி இதற்கு நல்லதோர் உதாரணம். அமெரிக்கா டசினுக்கு 8 சதமாக இருந்த வரியை 10 சதமாக்கியது. கனடா தனது 3 சத வரியை 10 சதமாக்கியது. 1929 இல் கனடாவுக்கு 9 இலட்சம் டசினுக்கு மேல் முட்டை விற்ற அமெரிக்கப் பண்ணைகள், 1932 இல் விற்றது 14 ஆயிரம் டசினுக்கும் குறைவு. கனடா அமெரிக்காவுக்கு விற்ற முட்டைகளோ ஆரம்பத்திலேயே அதைவிட மிகச் சொற்பம். பிறர் வாசலை அடைக்கப் போனவர் தம் வாசலை இழந்தார்.

தாழ்ந்த சராசரியின் கீழ் மறைந்தவர்கள்

1934 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் வெளிவிவகாரச் செயலாளர் கோர்டல் ஹல்லும் பிற நாடுகளோடு பேசி வரியைப் பரஸ்பரம் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தனர். போரின் பின், 1947 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஜெனீவாவில் 23 நாடுகள் ‘காட்’ எனும் வணிக உடன்படிக்கையைச் செய்துகொண்டன. சுதந்திரம் பெறச் சில மாதங்களே இருந்த இலங்கையும், அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த இந்தியாவும் அந்த 23 நாடுகளுள் அடங்கும். 1995 இல் உலக வர்த்தக அமைப்பு உருவாயிற்று. அமெரிக்காவின் அனைத்து இறக்குமதிகளின் சராசரி இப்படியே இறங்கி, 2000 க்குப் பின் வந்த ஆண்டுகளில் 1.5 வீதத்தை ஒட்டி நின்றது.

ஒன்றரை வீதம் என்றால் வரியே இல்லாதது போலத்தான். ஆனால் இந்தச் சராசரிக்குள் இறங்கிப் பார்த்தால் காட்சி வேறு. அமெரிக்கச் சுங்க அட்டவணையில் காஷ்மீர் ஆட்டு உரோமத்தாலான சுவெற்றருக்கு 4 வீதம் வரி. சாதாரணக் கம்பளிச் சுவெற்றருக்கு 16 வீதம். மலிவான அக்கிறிலிக் நூலால் ஆனதற்கோ 32 வீதம். குளிர்காலத்துக்கு முன் மலிவுக் கடையில் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும் ஏழைத் தாய், செல்வச் சீமாட்டியைவிட எட்டு மடங்கு உயர்ந்த வீதத்தில் வரி செலுத்துகிறாள். விலைச் சீட்டில் அந்த வரி எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே அதைச் செலுத்துவது அவளுக்கே தெரியாது.

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான். 2001 இல் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்ற பொருட்கள் சுமார் 3,000 கோடி டொலர் பெறுமதியானவை. பங்களாதேஷ் விற்றவை அதில் பன்னிரண்டில் ஒரு பங்களவே. இரு நாட்டுப் பொருட்களின் மீதும் வசூலான வரியோ ஏறத்தாழ ஒரே அளவு: சுமார் 33 கோடி டொலர். விமானமும் மதுவும் வாசனைத் திரவியமும் குறைந்த வரியில் சென்றன. ஏழை நாட்டின் சட்டையும் காற்சட்டையும் உயர்ந்த வரியில் சென்றன. சராசரி தாழ்ந்திருந்த காலத்திலும் சுமை தாழ்ந்தவர் தோளிலேயே இருந்தது.

2018 க்குப் பின்

2018 தொடக்கத்தில் சலவை இயந்திரங்களுக்கு அமெரிக்கா விசேட வரி விதித்தது. பொருளியலாளர் மூவர் இதன் விளைவை ஆராய்ந்தனர். சலவை இயந்திரத்தின் விலை சுமார் 12 வீதம் ஏறியது. வரி விதிக்கப்படாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது. இரண்டும் சோடியாக விற்பவை அல்லவா! அரசுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்தது சுமார் 8 கோடி டொலர். நுகர்வோர் மேலதிகமாகச் செலவிட்டதோ சுமார் 150 கோடி டொலர். புதிதாய் உண்டானதாகக் கணிக்கப்பட்ட வேலைகள் ஏறத்தாழ 1,800. ஒரு வேலைக்கு மக்கள் கொடுத்த விலை 8 இலட்சம் டொலருக்கும் மேல். சுங்க வருமானம் என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இந்தச் செலவு நம் கண்ணிற் பட்டிராது.

2024 நிதியாண்டில் அமெரிக்கச் சுங்க வருமானம் சுமார் 7,700 கோடி டொலர். 2025 நிதியாண்டில் அது சுமார் 19,500 கோடி டொலராயிற்று. 2025 ஏப்ரல் 2 ஆம் நாள் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் கீழ் நாடுவாரியாக அறிவித்த வரிகள் இதற்கு ஒரு முக்கிய காரணம். அறிவித்த வீதங்களைக் கொண்டு கணித்தவர்கள் சராசரி 17 வீதத்தளவு என்றனர். உண்மையில் வசூலான தொகையை இறக்குமதியால் வகுத்துப் பார்த்தபோது அது 10 வீதத்தைச் சுற்றியே நின்றது. வணிகர்கள் முன்கூட்டியே பொருள் வரவழைத்தனர்; வரி குறைந்த நாடுகளுக்கு மாறினர்; விலக்குகளும் இருந்தன. ஏட்டிலுள்ள வரிக்கும் பெட்டியில் விழும் வரிக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு.

அந்த அறிவிப்பில் இலங்கைக்கு விதிக்கப்பட்டது 44 வீதம். பின்னர் அது 30 வீதமாகி, 2025 ஆகஸ்டில் 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. பருத்தி ரீ–சேட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 வீதத்தின் மேல் ஏற்றப்பட்ட சுமை இது. இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு அமெரிக்கா மிகப் பெரிய தனிநாட்டுச் சந்தை. போரின் பின் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கணவனை, தந்தையை இழந்த குடும்பங்களின் பெண்கள் பலர் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். இந்தியப் பொருட்களுக்கு 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 வீதம் என்றானபோது, அமெரிக்கக் கட்டளைகளைப் பெரிதும் நம்பியிருந்த திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் தத்தளித்தது.

2026 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த அவசரகாலச் சட்டம் இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கவில்லை என்று தீர்ப்பளித்தது. செலுத்திய வரியை மீளக் கோரும் உரிமை சட்டப்படி சுங்கத்தில் பணம் கட்டிய இறக்குமதியாளருக்கே உரியது. அந்த வரியைச் சட்டையின் விலையோடு சேர்த்துக் கொடுத்தவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. பறிபோன கட்டளையால் மேலதிக வேலையை இழந்த தையற்காரப் பெண்ணிடமும் இல்லை.

எண்ணைக் கேட்கும்போது

இருநூறு ஆண்டுக் கணக்கு நமக்குச் சில கேள்விகளைக் கற்றுத் தருகிறது. சராசரி வீதத்தைச் சொல்வோரிடம், எல்லா இறக்குமதிக்குமா, வரிக்குட்பட்டவற்றுக்கு மட்டுமா என்று கேட்க வேண்டும். வருமானம் பெருகியது என்போரிடம், அதை யார் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். வீதம் ஏறியும் வருமானம் குறைந்தால் எந்தப் பொருள் வராமலே நின்றது, அதை விற்று வாழ்ந்தவர் யார் என்று தேட வேண்டும். சராசரி தாழ்ந்திருக்கிறது என்றாலோ, எந்தப் பொருளுக்கு அது தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரசுகள் வரியை வெளிநாட்டான் கட்டுகிறான் என்றே தம் மக்களுக்குச் சொல்லும். துறைமுகத்தில் வரியைக் கட்டுபவர் உள்நாட்டு இறக்குமதியாளர். அதில் பெரும்பகுதியைக் கடையில் கொடுப்பவர் வாங்குபவர். எஞ்சியதைக் குறைந்த விலையாகவும் குறைந்த கூலியாகவும் சுமப்பவர் செய்தவர். நம் சமூகத்தில் வாங்குபவர் ஒரு கரையிலும் செய்பவர் மறு கரையிலும், பல வேளைகளில் ஒரே குடும்பத்தவராகவே இருக்கின்றனர். ஆகவே இந்தக் கணக்கை நாம் இரு கரைகளிலிருந்தும் படித்தாக வேண்டும்.